உட்கார வைத்த இடம்

பல் டாக்டர் வீட்டு சோபா வந்து இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. அந்த சோபாவைப் பிரித்து எலும்புக்கூடாக்கி, மறுபடி தசை வைத்து, தோல் போர்த்தி முடிக்கும்வரை அது விடவேயில்லை. மழை நாட்களில், சோபா தைக்கும் அந்த வீடு முழுவதும் மெத்தைக்குள் அடைக்கும் நாரின் ஈரம் மணக்கும். வீடு என்பது ஒரு பேச்சுக்குத்தான். தெருவைப் பார்த்த பெரிய அறை பட்டறை. அதன் பின்னால் மூன்று பேர் படுக்க ஓர் அறை, அதற்கும் பின்னால் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையல்கட்டு.

தெரு அந்தப் பட்டறைக்காரரைச் சோபாக்காரர் என்று கூப்பிட்டது. அதனால் அவர் மனைவி சோபாக்காரம்மா. அவர் வேலை செய்யும்போது வாய் நிறைய சின்ன ஆணிகளை அடக்கி வைத்திருப்பார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ள, காந்தச் சுத்தியல் அதைக் கவ்வி எடுத்துத் துணியின் ஓரத்தில் அறையும். பேசவேண்டுமென்றால் ஆணிகளைக் கையில் துப்ப வேண்டும். துப்புமளவுக்கு முக்கியமான விஷயம் உலகத்தில் அதிகம் இல்லை என்பது அவர் எண்ணம். ஆக, அந்த வீட்டின் பேச்சு முழுக்க அவள் தலையில் விழுந்தது. தையல் மிஷினும் அவளுடையதுதான். உறைகள், மெத்தை ஓரத்துக் கயிற்றுத் தையல், பொத்தானுக்குத் துணி போர்த்துவது எல்லாம் அவள் கை.

டாக்டரின் மனைவி சோபாவோடு வந்திருந்தாள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று பேசினாள்.

"ரொம்ப மெனக்கெட வேண்டாம். பழசுதான். பையன் காலேஜுக்குப் போறான்ல, அந்த ஊர்ல ஒரு வீடு பிடிச்சிருக்கோம். அங்க போடத்தான்."

"ஹாஸ்டல் இல்லீங்களா?"

"ஹாஸ்டல் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்காது. போன வருஷமே போயிருக்க வேண்டியவன். மார்க் கொஞ்சம் காலை வாரிடுச்சு. இந்த வருஷமும் வாரிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. அதுக்கும் ஒரு வழி வெச்சிருக்காங்க, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தா."

எந்தக் கல்லூரி என்று சோபாக்காரம்மா கேட்டாள். அந்தப் பெண் சொன்னதும் இவள் முகம் மலர்ந்தது.

"எங்க பொண்ணுக்கும் அங்கதாங்க எடம் கிடைச்சிருக்கு. ஸ்கூல்லயே முதல்."

"அட! நல்லதாப் போச்சு" என்றாள் அவள், சோபாவின் கையைத் தட்டிப் பார்த்தபடி. "நீலம் வேண்டாம். சாம்பல் கலர்ல போடுங்க, அழுக்குத் தெரியாது."

அவர்கள் பெண்ணை வீட்டில் ஊசி என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அத்தனை ஒல்லி. பிறகு உடம்பு தேறினாலும் பேச்சு ஒல்லியாகவே, கூராகவே நின்றுவிட்டது என்று எதிர்க்கடைச் சாவிக்காரன் சொல்லுவான். அவள் படிக்கப் போவது ஆறுகளைப் பற்றி. ஓர் ஆறு ஏன் அந்த இடத்தில் வளைகிறது, எவ்வளவு மண்ணைச் சுமக்கிறது, எந்த மழைக்குக் கரையை உடைக்கும் என்று கணக்கிடுகிற படிப்பு. சாவிக்காரனுக்கு அதைக் கேட்டதும் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஆறு எங்க போகும்னு தெரிஞ்சுக்க ஒரு படிப்பா? பள்ளத்துக்குப் போகும். நான் சும்மாவே சொல்லியிருப்பேனே."

"பள்ளத்துக்குப் போகாதது என்னன்னு சொல்லுங்க மாமா, பாப்போம்" என்றாள் ஊசி.

"காசு. அது ஒண்ணுதான் மேட்டைப் பாத்து ஓடும்."

எல்லாரும் சிரித்தார்கள். சோபாக்காரர்கூட ஆணிகளை விழுங்கிவிடாமல் இருக்க உதட்டை இறுக்கிக்கொண்டு சிரித்தார்.

இடம் கிடைத்தது நிஜம். ஆனால் அந்த ஊரில் தங்கவும் படிக்கவும் ஆகும் செலவை இந்தப் பட்டறையால் தூக்க முடியாது என்பதும் நிஜம். பள்ளிக்கூடத்து டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகமே முழுச் செலவையும் ஏற்கும் உதவி ஒன்று உண்டு. விண்ணப்பித்தால் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பார்த்து எழுதுவதுதான் முடிவு. அது கிடைத்தால் ஊசி போகலாம். கிடைக்காவிட்டால் இல்லை.

ஊசி இதை வீட்டில் சொன்னது இரவுச் சாப்பாட்டின்போது. அவித்த உருளைக்கிழங்கைத் தோலுரித்து மூன்று தட்டிலும் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற உதவி என்று சொல்ல ஊசி வாயெடுத்தாள். அப்பா முழங்கைக்கு மேல் சட்டையை மடித்துக்கொண்டு, அவித்த முட்டையின் பெரிய பாதியை அவள் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்த்ததும் 'இல்லாதவர்கள்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

"படிக்கிறதுக்கு யுனிவர்சிட்டியிலயே ஏதோ உதவி உண்டாம். அதுக்கு நம்ம வீட்டைப் பாக்க வருவாங்களாம். பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்" என்றாள்.

"வீட்டையா?" என்றாள் அம்மா. கையில் உருளைக்கிழங்கு அப்படியே நின்றது.

"ஆமாம்மா. சும்மா, வந்து பேசிட்டுப் போவாங்க."

அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றிலிருந்து சோபாக்காரம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்கென்று சொந்தமாக இருந்தவை மூன்று ஸ்டூல்கள், முதுகு உடைந்த ஒரு நாற்காலி, பார்சல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்ட ஒரு மேசை. தைக்கிறவன் சட்டையில் பொத்தான் இருக்காது என்பார்களே, அப்படி ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுக்கும் வீட்டில் உட்கார இடம் இல்லை. பட்டறையைத் தொடங்கிய மாமனார் ஒரு விதி வைத்திருந்தார். வந்தவரைக் கிழிந்ததில் உட்கார வைக்காதே, உன் கையும் கிழிந்தது என்று நினைப்பார்கள். அதனால் வாடிக்கைக்காரர் யாராவது வந்தால், வேலை முடிந்து போகக் காத்திருக்கும் நல்ல நாற்காலி ஒன்றைத் துடைத்து அதில்தான் உட்கார வைப்பார்கள். அந்த விதி இதுவரை அவர்களைக் கைவிட்டதில்லை.

வருகிறார்கள் என்ற நாளும் வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு என்று சொல்லியிருந்தார்கள். ஊசி ஏதோ சான்றிதழ் நகல் எடுக்கக் குடையோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவள் தலை மறைந்ததும் அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என்னங்க, எழுந்திருங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் ஆணிகளைக் கையில் துப்பினார். "எதை?"

"டாக்டர் வீட்டு சோபாவை. நடுவுல போடலாம். வக்கீல் வீட்டு நாற்காலி ரெண்டையும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உடைஞ்சதைப் பின்னாடி கொண்டு போங்க."

"அது அவங்க சாமான்."

"நான் என்ன தலையில கட்டிக்கிட்டா போகப்போறேன்? வர்றவங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகப்போறாங்க. தேஞ்சா போயிடும்?"

"இல்ல, அவ ஏதோ உதவின்னு சொன்ன மாதிரி..."

"உதவின்னாலும் யாருக்குச் செய்வாங்க? நல்ல குடும்பம், கொடுத்தா வீணாப் போகாதுன்னு தோணணும்ல? ஓட்டைப் பானையில யாராவது தண்ணி ஊத்துவாங்களா?"

அவர் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

மிச்சம் விழுந்த வெல்வெட் துண்டுகளை ஒட்டுத் தெரியாமல் இணைத்து, இரவுகளில் அவள் ஒரு திரை தைத்து வைத்திருந்தாள். பட்டறைக்கும் பின்னறைக்கும் நடுவில் அதைத் தொங்கவிட்டாள். நார் மூட்டைகளும் அறுந்த ஸ்பிரிங்குகளும் திரைக்குப் பின்னால் போயின. சாவிக்காரன் தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கோப்பைகளைப் பெட்டியோடு எடுத்துவந்தான்.

"அக்கா, என் வீட்டுக்காரி இதுல எனக்கே டீ கொடுத்ததில்ல. உடைச்சீங்க, நான் உங்க வீட்லதான் குடியிருக்கணும்."

"ஏன் தம்பி, உன் வீட்டுச் சாவியை நீயே செஞ்சுக்க மாட்டியா?"

"சாவி செய்யலாம்க்கா. உள்ள விடணுமே."

அவன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, மந்திரி வீடு மாதிரி ஆயிடுச்சே" என்றான். அவள் அந்தச் சொல்லை உள்ளே மடித்து வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அறையை அவள் இப்படிப் பார்த்ததில்லை. சாம்பல் சோபாவின் மேல் மழை வெளிச்சம் பால்போல விழுந்து கிடந்தது. இப்படியும் ஒரு வீடு இருந்திருக்கலாம், இங்கே அமர்ந்து ஊசி படித்திருக்கலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

பல்கலைக்கழகத்து அம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நடு வயது, நனைந்த செருப்பு, தோளில் பை, கையில் கோப்பு. பல வீடுகள் ஏறி இறங்கிய களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொன்னதும் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பிறகு தன்னையறியாமல் பின்னால் சாய்ந்தார்.

"அப்பாடா. நல்ல சோபாங்க."

"சாஞ்சே உக்காருங்கம்மா. வீட்டுக்கு வந்தவங்க நுனியில உக்காரலாமா?"

தேநீர் வந்தது. பீங்கான் கோப்பையை அவர் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேலை எப்படிப் போகுது?"

"குறையே இல்லீங்க. கையில எப்பவும் வேலை இருக்கும்."

"இந்த சோபா வாடிக்கைக்காரங்களோடதா, உங்களோடதா?"

சோபாக்காரம்மா கணவனைப் பார்த்தாள். அவர் வாய் நிறைய ஆணியோடு சுவரோரம் நின்றார்.

"எங்களோடதுதான்" என்றாள்.

"அந்த நாற்காலிங்க?"

"அதுவும்தான்."

அந்த நேரத்தில்தான் ஊசி வாசலில் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சோபாவைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். வந்தவர் அவள் பக்கம் திரும்பினார். நல்ல மனுஷிதான். எழுதுவதற்கு முன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வாம்மா. அம்மா சொன்னதெல்லாம் எழுதிக்கலாமா? நீ ஏதாவது சொல்லணுமா?"

மழை தகரக் கூரைமேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தில் ஒரு பிரகாசம். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மகளின் பெயரைக் கூப்பிட்டபோதுகூட அப்படி இருந்ததில்லை. தலையை நிமிர்த்தி, கையைக் கட்டி, ஒரு வீட்டின் எஜமானியாக நின்றாள். சோபா இடுக்கில் கிடைக்கும் சீப்பையும் சில்லறையையும்கூட டப்பாவில் போட்டு வைத்துத் திருப்பிக் கொடுக்கிறவள். ஒரு தடவை ஒற்றைக் கம்மல் ஒன்றைக் கொடுக்க ஊரின் மறுகோடி வரை வெயிலில் நடந்தவள்.

"இல்லீங்க" என்றாள் ஊசி. "அம்மா சொன்னது சரிதான்."

வந்தவர் போனபின் அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "எப்படிடி இருந்துச்சு? அசந்துட்டாங்கல்ல?"

"ம். நல்லா இருந்துச்சும்மா."

"பின்ன? உங்க அப்பா வேண்டாம்னார். அவர் பேச்சைக் கேட்டிருந்தா ஸ்டூல்ல உக்கார வெச்சிருக்கணும்."

இரண்டொரு நாளில் டாக்டர் வீட்டு வண்டி வந்து சோபாவை ஏற்றிக்கொண்டு போனது. அறை மறுபடி பட்டறையானது. ராத்திரிச் சாப்பாட்டில் ஊசி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊர் பிரியப்போகிற ஏக்கம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

பதில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஊசி வந்து, செருப்பைக் கழற்றாமல், மிஷினுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"இல்லைன்னுட்டாங்கம்மா."

மிஷின் நின்றது. "என்ன இல்லை?"

"உதவி. நமக்கு வசதி இருக்காம்."

"வசதியா? யாருக்கு? நமக்கா?" அவள் சிரித்தேவிட்டாள். பிறகு மகள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

"நாமதாம்மா சொன்னோம்."

சோபாக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அது இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறதும்மா. வீட்ல இல்லைங்கிறதைப் பாக்கத்தான் வந்தாங்க."

அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக அவளுக்குள் இறங்க நேரமாயிற்று.

"நீ ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? நாம இல்லாதவங்க, அதைப் பாக்க ஆள் வர்றாங்கன்னு அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது?"

"சரி, அன்னைக்கு அந்தம்மா உன்னைக் கேட்டாங்களே! அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"திறந்திருந்தா நீ பொய் சொன்னவ ஆகியிருப்பே."

"ஆயிட்டுப் போறேன்! என்னை எவ என்ன சொன்னா என்ன?" கத்தினாள் அவள். கத்தியபின் தான் கத்தியது எதிர்க்கடை வரை கேட்டிருக்கும் என்று தோன்ற, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளே பஸ் ஏறினார்கள், தாயும் மகளும். அரைநாள் பயணம். வழியில் ஓர் ஆற்றுப்பாலம் வந்தது. மழையில் கலங்கி, செம்மண் நிறமாகப் புரண்டுகொண்டிருந்தது ஆறு. ஊசி கழுத்தைத் திருப்பித் திருப்பி, அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தாள். அம்மா அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

அலுவலகத்தில் வரிசை நீண்டிருந்தது. காத்திருந்து அதே அம்மாவைப் பிடித்தார்கள். சோபாக்காரம்மா வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள். சோபா டாக்டருடையது, நாற்காலிகள் வக்கீலுடையவை, கோப்பைகள் சாவிக்காரனுடையவை.

"எங்களோடதுன்னு அங்க இருந்தது இந்தப் பொண்ணு ஒண்ணுதாங்க."

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா, நான் எத்தனை வீட்டைப் பாக்கிறேன்னு உங்களுக்குத் தெரியுமா? மாடி வீட்டுக்காரங்க மாடிப்படியைப் பூட்டி வெச்சுட்டு, கீழ ஒரு அறையில பாயைப் போட்டு உக்காந்திருப்பாங்க. காரைப் பக்கத்துத் தெருவுல நிறுத்திட்டு வருவாங்க. டி.வி. இருந்த இடத்துல சுவர் மட்டும் வெள்ளையாத் தெரியும். அதெல்லாம் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பழக்கம். இல்லாததை இருக்குன்னு சொன்ன வீட்டை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லம்மா. பாத்திருந்தா கேட்டிருப்பேன்."

"இப்பக் கேளுங்க. இப்ப வாங்க. வந்து பாருங்க. ஸ்டூல்தான் இருக்கு."

"கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுத்தாச்சும்மா." குரல் தணிந்தது. "அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை எழுதி, மறுபடி இடம் வாங்கட்டும். நானே வந்து பாக்கிறேன்."

"இந்த வருஷத்து இடம்?"

அவர் ஊசியைப் பார்த்தார். "அன்னைக்கு உன்னைக் கேட்டேனேம்மா" என்றார். குற்றம் சொல்வதுபோல இல்லை. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.

சோபாக்காரர் அவருக்குத் தெரிந்த வாசல்களெல்லாம் ஏறி இறங்கினார். பேசத் தெரியாத மனிதர் பேசிப் பார்த்தார். ஒரு நாள் தையல் மிஷினைத் துடைத்துக்கொண்டே, "இதை வித்துட்டா?" என்றார்.

"வித்துட்டு? வாயாலயா தைக்கிறது? அப்படியே வித்தாலும் அவ அங்க போய் இறங்குற செலவுக்குக்கூடக் காணாதுங்க."

டாக்டர் வீட்டுப் பையன் காலேஜுக்குக் கிளம்பிப் போனது தெருவில் யாரோ சொல்லித் தெரிந்தது. ஊசி அன்று கிணற்றடிக்கும் சமையல்கட்டுக்குமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அடுத்த வருஷம் எழுதுவேல்ல?" என்று அம்மா அவ்வப்போது கேட்டாள்.

"பாக்கலாம்மா" என்றாள் அவள். முதலில் புத்தகம் விரிந்திருந்தது. பிறகு மூடியிருந்தது. பிறகு அதன்மேல் நூல்கண்டு இருந்தது.

மழை ஓய்ந்து காற்றடிக்கத் தொடங்கியபோது ஒரு சினிமாக் கொட்டகையின் நாற்காலிகளெல்லாம் பட்டறைக்கு வந்தன. அப்படியொரு வேலை அவர்களுக்கு வாய்த்ததேயில்லை. இரண்டு பேரால் முடியாது. யாரும் கூப்பிடாமலே ஊசி மிஷினில் உட்கார்ந்தாள். அம்மா துணி வெட்ட, அவள் தைத்தாள். ஓரத்துக் கயிற்றைத் துணிக்குள் வைத்து, ஊசிமுனை அதை உரசிக்கொண்டே, ஆனால் குத்தாமல் போகவேண்டும். மூலை திரும்புமிடத்தில் பெரும்பாலும் எல்லார் கையும் தடுமாறும். சோபாக்காரம்மாவுக்கு அந்த மூலை பிடிபடும்போது, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை நடக்கவும் தொடங்கியிருந்தது.

"அக்கா, புது ஆளா?" என்றான் வாசலில் வந்து நின்ற சாவிக்காரன், வழக்கமான கேலியோடு. "கை நல்லாப் போகுதே! இனிமே உங்களுக்கென்ன, ராஜாத்தி மாதிரி உக்காந்திருக்கலாம்."

மிஷின் நிற்காமல் ஓட, அவன் தன் கடைக்குப் போய்விட்டான்.

ஊசி நூலைப் பல்லால் கடித்து, தைத்து முடித்த உறையை நீட்டினாள். அம்மா வாங்கிக் கட்டைவிரலை ஓரத்தோடு ஓட்டினாள். நேராக இருந்தது. மூலையில் விரல் நின்றது. மூலையும் திரும்பியிருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

"சரியா இருக்காம்மா?"

"இருக்கு."

மகள் அடுத்த துணியை மிஷினுக்கு அடியில் கொடுத்தாள். கோணலாக இருந்தால் திட்டியிருக்கலாம். 'இது உனக்கு வராது, எழுந்து போய்ப் படி' என்று விரட்டியிருக்கலாம். அம்மா உறையோடு வாசலுக்குப் போய், அதை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, ஒரு தையலாவது பிசகியிருக்காதா என்று வெளிச்சத்தில் தேடிக்கொண்டே நின்றாள்.